பதினோரு மாதம்

நாற்பது நிமிஷம் அசையாம உட்காருங்கக்கா என்று சொல்லிவிட்டு ரெஜினா அந்தப் பக்கம் போய்விட்டாள். அவளுக்கென்ன, சொல்லிவிடலாம். தலை முழுக்க டையை அப்பி, மேலே பிளாஸ்டிக் உறையை மாட்டி, கறை பிடிக்காமல் இருக்க நெற்றியோரத்திலும் காதுமடலிலும் வாசலினைத் தடவி, எப்போதோ பச்சையாக இருந்த ஒரு துண்டைத் தோளில் போர்த்திவிட்டால் அவள் வேலை முடிந்தது. உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே உச்சந்தலையில் அரிக்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது நிமிஷம் கரண்ட் போய்விட்டது, திறந்த வாசல் வழியாக வரும் வெளிச்சம்தான். ஃபேன் நின்றதும் மருந்து நெடி நேராக மூக்குக்குள் வந்து குடியேறிக்கொண்டது. உறையூரில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில், ஜன்னலே இல்லாத பியூட்டி பார்லரில், மே மாதத்துச் சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ஐம்பத்தொரு வயதில், இப்படி ஒரு கோலத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எதற்கு? நாளைக்கு என் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அம்மாவுக்கு நரை இருந்தால் மாப்பிள்ளை எழுந்து ஓடிவிடுவானா? கேட்டேன். அதற்கு இலக்கியா, "அம்மா, உனக்காகத்தான் சொல்றேன், எனக்காக இல்ல" என்றாள். இந்த வீட்டில் எல்லாரும் எனக்காகத்தான் எல்லாம் செய்கிறார்கள். அதுதான் என் தலைவலியே. இதோ பக்கத்து நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறாள், என் மகள், இருபத்தாறு வயது. முகம் முழுக்க முல்தானி மட்டி, கண்ணுக்கு மேல் இரண்டு வெள்ளரித் துண்டு. பார்க்கவும் முடியாது, பேசவும் கூடாது. பேசினால் மட்டி வெடித்துவிடுமாம். ரெஜினாவின் உத்தரவு. ரெஜினாவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும், ஆனால் அவள் அதட்டும் அதட்டலுக்கு நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறேன், தலையைச் சொறிந்துவிடக் கூடாதே என்று.

அரிப்பை மறக்க வேறு எதையாவது நினைக்கலாம் என்றால், நினைப்பு என் பேச்சைக் கேட்குமா? நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், கேசரியா மைசூர்பாகா, அட்சதைத் தட்டு யார் கையில் என்று நினைக்கத்தான் தொடங்குகிறேன். நாலாவது நினைப்பில் அது வந்துவிடுகிறது. நாளைக்கு நிர்மலுடைய அம்மா வருவாள். மாப்பிள்ளையின் அம்மா. தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள், கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கிறவள். வந்த கூட்டத்தில் என் நாத்தனாரோ, பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காவோ, யாராவது ஒருத்தி ஒரு மூலையில் அவளை உட்காரவைத்து ஆரம்பிப்பாள். "உங்களுக்குத் தெரியுமா, மங்கை இடையில ஒரு வருஷம்..." ஒரு வருஷம் இல்லை. பதினோரு மாதம். சொல்வதுதான் சொல்கிறீர்கள், சரியாகச் சொல்லித் தொலையுங்கள். இரண்டாயிரத்து மூன்று ஜூன் மாதம் போனேன். அடுத்த வருஷம் மே மாதம் திரும்பினேன். ஓடிப்போனாள் என்பார்கள். நான் ஓடவே இல்லை. பஸ்ஸில்தான் போனேன், அதுவும் உட்கார இடம் கிடைத்து. நாலு வயது இலக்கியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன், இடது கால் ஷூவின் பட்டையைப் போட்டுவிட்டேன், பை பை சொன்னேன், ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். வீட்டுக்குப் போகிற டவுன் பஸ் வரவில்லை. கரூர் பஸ் வந்தது. ஏறினேன். அவ்வளவுதான். கேட்டவர்கள் யாருக்கும் இது போதவில்லை. எனக்கே போதவில்லை. என் வீட்டுக்காரர் கதிரேசன் அடித்தாரா என்றால் இல்லை. குடித்தாரா என்றால் இல்லை. மாமியார் கொடுமை என்று சொல்லலாம் என்றால், பாவம், அந்த அம்மாள் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே செத்துவிட்டார். வேறு ஒருத்தன் இருந்தானா என்று என் சொந்த அண்ணன் கேட்டான். இல்லை என்றதும் அவன் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒருத்தன் இருந்திருந்தால் எல்லாருக்கும் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். கெட்டுப்போனாள், திருந்தினாள் என்று முடித்திருக்கலாம். காரணமே இல்லாமல் போனவளை என்ன செய்வது? காரணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த நாட்களில் காலையில் கண்ணைத் திறந்ததும் நெஞ்சுக்கு மேல் யாரோ ஈரத் துணி மூட்டையை வைத்த மாதிரி இருக்கும். அதற்கு இப்போது டாக்டர்கள் ஏதோ பேர் வைத்திருக்கிறார்கள். அப்போது அதற்குப் பேர் சோம்பேறித்தனம். கரூரில் இறங்கி, திருப்பூர் பஸ்ஸுக்கு மாறுவதற்கு முன்னால் பூத்திலிருந்து ராஜாமணி அக்கா வீட்டுக்கு போன் செய்தேன், பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்துவிடுங்கள் என்று. அதைச் செய்தேன். செய்யாமல் இல்லை. ஆனால் அக்கா வீட்டில் இல்லை, அவருடைய மாமியாரிடம் சொன்னேன், அந்தக் கிழவி மறந்துபோய் நாலரை மணிக்குச் சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்கு விடுகிற பள்ளிக்கூடம்.

"அம்மா" என்றாள் இலக்கியா, உதட்டை அசைக்காமல். "நிர்மல்கிட்ட சொல்லிட்டேன்." எதை என்று கேட்டேன். எதை என்று எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டேன். "நீ திருப்பூர் போனத. போன மாசமே சொல்லிட்டேன்." எனக்கு ஆத்திரமான ஆத்திரம். எழுந்து நின்றிருப்பேன், துண்டு நழுவியது. யாரைக் கேட்டுச் சொன்னாய், அது என் விஷயம், நான் சொல்லவேண்டியது, நாளைக்குக் காலையில் அந்த அம்மாளின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று அடிக்குரலில் கத்தினேன். அடிக்குரலில் கத்துவது எனக்கு நன்றாக வரும், இருபத்தோரு வருஷப் பழக்கம். "அது உன் விஷயம் மட்டும் இல்லம்மா. எனக்கும் நடந்துச்சு" என்றாள். வெள்ளரித் துண்டு இரண்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. "அவங்க அம்மாகிட்டயும் அவன் சொல்லிட்டான்" என்றாள் பிறகு. சரி, தீர்ந்தது. "என்ன சொன்னாங்க தெரியுமா?" எனக்குத் தெரிய வேண்டாம் என்றேன். "பதினோரு மாசமா, குடுத்துவச்சவங்க, எனக்குப் பதினோரு நாள் கெடச்சாப் போதும்னாங்களாம்." சொல்லிவிட்டு இவள் மூக்கால் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக நான் நெஞ்சில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிற ஒன்று அந்த அம்மாளுக்கு டீ குடிக்கும்போது சொல்கிற வேடிக்கையாகிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாளைக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தால் என்ன செய்வேன்? "அக்கா, பேசாதீங்க, அவங்களையும் பேசவைக்காதீங்க" என்று உள்ளேயிருந்து ரெஜினா சத்தம் போட்டாள். "கன்னத்துல கோடு விழுந்துடும்." விழட்டும். விழுந்தால்தான் என்ன.

இன்னும் எத்தனை நிமிஷம் என்று தெரியவில்லை. சுவரில் கடிகாரம் இருக்கிறது, கண்ணாடி என் கைப்பையில் இருக்கிறது, கைப்பை எட்டாத இடத்தில் இருக்கிறது. வாழ்க்கையே இப்படித்தான். திரும்பி வந்த அன்றைக்கும் இதே மாதிரி ஒரு வெயில். கேட்டுக்கு வெளியே நின்றேன். கதிரேசன் பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர், அன்றைக்கு லீவு, வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் வழி நெடுகத் தயாராகத்தான் வந்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்வேன், போ என்றால் போய்விடுவேன், ஏன் என்றால் அழுதுகொண்டே ஏதாவது சொல்வேன். அவர் கேட்டைத் திறந்தார். "வெயில்ல வந்திருக்கே, மோர் இருக்கு, குடி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு தம்ளர் மோரோடு எல்லாம் முடிந்துவிட்டது, இன்றைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனுஷன், தங்கமான மனுஷன், மன்னிச்சு ஏத்துக்கிட்டாரு, வேற ஆளா இருந்தா வெட்டிப்போட்டிருப்பான் என்று ஊரே சொன்னது, என் அம்மா செத்துப்போகிற வாரம்கூட அதைத்தான் சொன்னாள். நானே ஒருமுறை ஆரம்பித்தேன், என்னங்க, அப்போ நான் திருப்பூர்ல என்று. "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்று பேப்பரைத் திருப்பினார். நான் எங்கே தங்கினேன், என்ன சாப்பிட்டேன், எதுவும் தெரியாமல் ஒரு மனுஷனால் மன்னிக்க முடியுமா? எதை மன்னித்தார்? உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தே பார்க்காத பார்சலைப் பரண்மேல் போட்டுவிட்டு, பரவாயில்லை என்கிறார். குழந்தை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தார், அவருக்குப் பின்னத் தெரியாது. யாருன்னு பாரு என்றார். குழந்தை என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "அம்மா மாதிரி இருக்காங்க" என்றது. பொல்லாத சொல். அந்த மூன்று வார்த்தைக்கு மேல் ஒன்று கூடியிருந்தாலும் நான் அங்கேயே விழுந்திருப்பேன். அன்றையிலிருந்து நான் அம்மா மாதிரி இருந்துகொண்டுதான் இருக்கிறேன். ஒரு நாள் சமையல் விட்டதில்லை. ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லை. காய்ச்சலோடு அவளுக்கு நாலு கிண்ணத்தில் நாலு விதமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மதுரைக்குப் போய்விட்டு அன்றைக்கே கடைசி பஸ்ஸில் திரும்பிவிட்டேன், கால் வீங்கி. போதாதா? இன்னும் எவ்வளவு?

இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "போதும்மா, போதும்" என்றாள் இலக்கியா. இந்தத் தடவை உதட்டை அசைத்தே சொன்னாள். "எனக்கு எப்பவோ போதும்னு ஆயிடுச்சு. காலேஜ்ல எல்லாப் பொண்ணுங்களும் கேன்டீன்ல போண்டா திங்கும், நான் நாலு கிண்ணத்தத் தூக்கிட்டு அலைவேன். மிச்சம் வச்சா உன் மூஞ்சி போற போக்குக்குப் பயந்து நாய்க்குப் போட்டுட்டு வருவேன். நீ எனக்குச் சோறு போடலம்மா. தண்டனைய அனுபவிக்கிற. அதுவும் என் தட்டுல வச்சு." நான் வாயைத் திறந்தேன். "இரு, நான் பேசுறேன். எனக்குக் கோபம் இல்லைன்னு நினைக்காத. இருக்கு. ஸ்கூல் கேட்ல வாட்ச்மேன் ஸ்டூல்ல அஞ்சு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேனே, அது மறக்காது. ஒண்ணுக்கு வந்துச்சு, சொல்ல வெக்கமா இருந்துச்சு, அங்கேயே போயிட்டேன். அது அப்படியேதான் இருக்கும். நீ நாப்பது கூட்டு செஞ்சாலும் அது போகாது. போகவேண்டாம், இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அது பழகிடுச்சு, நீதான் தினம் அதத் துடைக்க வந்துடுற." கன்னத்தில் மட்டி வெடித்துக் கோடுகோடாக விழுந்துவிட்டது. எனக்கு அந்த ஸ்டூல் தெரியும். நான் பார்க்காத ஸ்டூல், ஆனால் தினம் அதைப் பார்க்கிறேன். ஒண்ணுக்கு விஷயம் மட்டும் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக என்னென்னவோ கற்பனை பண்ணி என்னை நானே வறுத்திருக்கிறேன், இது என் கற்பனையில் வரவே இல்லை. உண்மை எப்போதும் வேறு எங்கேயோ நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் உன் அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் மன்னித்தார், நான் அதற்காவது, என்று இழுத்தேன். "அப்பா மன்னிச்சாருன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றாள். "அப்பா பயந்துட்டிருக்காரும்மா. கேட்டா நீ மறுபடி பஸ் ஏறிடுவேன்னு. எனக்கு எத்தன தடவ சொல்லியிருக்காரு, அம்மாகிட்ட அதப் பத்தி ஒண்ணும் கேக்காத, அம்மாகிட்ட ஒண்ணும் கேக்காதன்னு. நீ கடைக்குப் போயிட்டு லேட்டானா அவரு எத்தன தடவ வாசலுக்கு நடப்பாருன்னு நீ பார்த்ததே இல்ல. நீதான் வீட்ல இருக்க மாட்டியே அப்போ."

இது வேறா. தலைமேல் நெருப்பாக எரிகிறது, நெற்றியிலிருந்து ஏதோ வழிகிறது, டையா வேர்வையா தெரியவில்லை, இதில் இது வேறு. தங்கமான மனுஷன் என்று இத்தனை வருஷம் எரிச்சலோடு கும்பிட்டுக்கொண்டிருந்தேனே, அவர் பாட்டுக்கு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாரா? ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியாமல் மூன்று பேர் ஒரே வீட்டில் ஒரே குக்கரில் சாப்பிட்டிருக்கிறோம். சரி, இவள் இவ்வளவு சொல்லிவிட்டாள். நான்? நான் இன்னும் சொல்லவில்லை. பஸ் ஏறியதைச் சொல்வேன், போன் செய்ததைச் சொல்வேன், அழுததைச் சொல்வேன், கேட்கிறவர்களுக்கு அழுதது பிடிக்கும். ஒன்றை மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பக்கத்தில் போனதும் விலகிவிடுவேன். இப்போதும் பாருங்கள், நாளைக்குப் பூ சொல்லியாயிற்றா என்று மனசு ஓடப் பார்க்கிறது. சொல்லியாயிற்று. நாலு முழம் அதிகமாகவே சொல்லியாயிற்று. திரும்பி வா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். டீ-சர்ட்டை விளக்குக்கு நேரே விரித்து ஓட்டை இருக்கா, கறை இருக்கா என்று பார்த்து, பிசிறை வெட்டி மடிக்கவேண்டும். லேடீஸ் ஹாஸ்டலில் ஓர் அறையில் நாலு பேர். முதல் மாதம் அழுதேன். அது உண்மை. இரண்டாவது மாதம் ஒரு நாள் காலையில் எழுந்து பல் தேய்க்கும்போது கவனித்தேன், நெஞ்சில் அந்த மூட்டை இல்லை. எங்கே போச்சு என்று தேடினேன்கூட. அப்புறம் நன்றாகத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரும் சேர்ந்து பேக்கரிக்குப் போய் தேங்காய் பன் சாப்பிடுவோம், மேட்னி ஷோ போவோம், வழியெல்லாம் கத்திச் சிரிப்போம். எனக்கு இருபத்தொன்பது வயது, நான் அப்படிச் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது. போனதுகூட இல்லை நான் செய்த தப்பு. போனதை நூறு தடவை மன்னித்துப் பார்த்துவிட்டேன், மன்னிக்க முடிகிறது. சந்தோஷமாக இருந்தேனே. அதைத்தான் என்னால் விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. குழந்தையை அப்படி விட்டுவிட்டு வந்தவள் நாசமாய்ப் போயிருக்கவேண்டாமா? பன் தின்றாளாம், பன்.

"இலக்கியா" என்றேன். "ம்." "நீ திரும்பிப் பார்க்காதே." "எப்படிப் பார்க்க, கண்ணுல காய் இருக்கு." அந்தக் காய் இருந்ததால்தான் சொன்னேன். "நான் அங்க நல்லா இருந்தேன்." நிறுத்தாமல் மேலே சொன்னேன். "சந்தோஷமாவே இருந்தேன். உன்னை நினைச்சு அழுதுக்கிட்டே இருந்தேன்னு நீ பத்தாவது படிக்கும்போது சொன்னேனே, அது பொய். சில வாரம் நினைக்கவே இல்லை. உன்னோட அஞ்சாவது பிறந்தநாள் வந்துச்சு, பிப்ரவரி ஒன்பது. எனக்கு ஞாபகமே இல்லை. பதினொண்ணாம் தேதி பெட்டியில ஒட்டுற சீட்டுல தேதி எழுதுறேன், அப்பத்தான் தெரியுது. ரெண்டு நாள் முன்னாடி போயிடுச்சு. அன்னிக்கு நான் சினிமா பார்த்துட்டு வந்து தூங்கியிருக்கேன்." குரல் என்னவோ கறிகாய் விலை சொல்கிற மாதிரி வந்தது. "அதுக்கப்புறமும் உடனே வரலை. இன்னும் மூணு மாசம் இருந்தேன்."

கீழே கடையில் யாரோ ஒருத்தர் சார்ஜர் வேலை செய்யவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என் மகள் படுத்தபடியே கிடந்தாள். அழுகிறாளா என்று பார்த்தேன், மட்டிக்குக் கீழே என்ன தெரியும்? தொலைந்தது என்று நினைத்தேன். நாளைக்கு நிச்சயம், இன்றைக்குப் போய் இதைச் சொன்னேனே, இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியவில்லையா உனக்கு, எல்லாவற்றையும் உன் பாரம் இறங்குவதற்காகவே செய்கிறாய், அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான் என்று மனசு பிடித்துக்கொண்டது. அப்போது அவள் சொன்னாள், "அந்தப் பிறந்தநாளா? அப்பா எனக்குப் பெடல் கார் வாங்கித் தந்தாரு. சிவப்பு. தெரு முழுக்க ஓட்டினேன். கேக்ல என் பேர்ல லக்கியான்னு போட்டுட்டான், இ விட்டுப்போச்சு. எல்லாரும் லக்கி லக்கின்னு கூப்பிட்டாங்க." அப்புறம்தான் சொன்னாள், "அன்னிக்கு நானும் உன்ன நினைக்கலம்மா." நான் அவள் பக்கம் திரும்பினேன். நிஜமாகவா என்று கேட்டேன். "நிஜமா." எனக்காகச் சொல்கிறாயா? "ஐயோ அம்மா!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளரித் துண்டு ஒன்று மடியில் விழுந்தது, இன்னொன்று புருவத்தில் ஒட்டிக்கொண்டது. ஒற்றைக் கண்ணால் என்னை முறைத்தாள். "ஒருத்தர் ஒண்ணு சொன்னா அத வாங்கிக்கவே தெரியாதா உனக்கு? எல்லாத்தையும் விளக்குல புடிச்சு ஓட்டை இருக்கான்னு பார்க்கணுமா?" ரெஜினா ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்தாள், தரையில் உதிர்ந்திருந்த மட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மாவும் பொண்ணும் சண்டை போடுறதுக்கு என் கடைதான் கெடச்சுதா?" என்றாள். "சண்டை இல்ல" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த ஒற்றுமையும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, இருமல் மாதிரி வெளியே விட்டுவிட்டேன்.

தலையைக் கழுவ பேசினில் சாய்த்துப் படுக்கவைத்தாள் ரெஜினா. கரண்ட் இல்லாததால் பக்கெட் தண்ணீர், மக்கால் ஊற்றினாள். தண்ணீர் பட்டதும் அரிப்பு அடங்கியது பாருங்கள், சொர்க்கம். கண்ணை மூடிக்கொண்டேன். பெடல் கார் உண்மைதானா? திரும்பி வந்தபோது கொல்லையில் ஒரு சிவப்புக் கார் கிடந்த ஞாபகம் இருக்கிறது. இருக்கிறதா, இவள் சொன்னதால் இப்போது இருக்கிறதா? கதிரேசனைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கப் போவதில்லை. எங்கேயோ ஓர் ஊரில் நான் சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன், வேறொரு ஊரில் ஒரு குழந்தை தெரு முழுக்கக் கார் ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நாள் இரண்டு பேரும் அழவில்லை. ஸ்டூலில் நனைந்து உட்கார்ந்த நாளும் இருக்கிறது, அதுவும் நான் செய்ததுதான், அதை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் போவதில்லை, நானும் இனி தினம் தூக்கிக்கொண்டு போய் யார் தட்டிலும் வைக்கவேண்டியதில்லை. போனவளும் நான்தான். மூச்சு முட்டியதால் போனாள், அங்கே மூச்சு வந்தது, சிரித்தாள். அவளுக்கு அப்போது இப்போதைய இலக்கியாவைவிட மூன்று வயதுதான் அதிகம். இலக்கியா அப்படி மூச்சு முட்டி ஒரு பஸ்ஸில் ஏறினால், நான் அவளை இருபத்திரண்டு வருஷம் வறுப்பேனா? கேள்வியைப் பார், கேள்வியை. ஒரு மாதம் வறுப்பேன். அதற்கு மேல் சாப்பிட்டியா என்று கேட்டுவிடுவேன். ரெஜினா காதோரத்தை அழுத்தித் தேய்த்தாள். "ஏன்க்கா அழுறீங்க, கண்ணுல பட்டுருச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். அது ஒன்றுதான் இன்றைக்கு நான் சொன்ன பொய்.

இலக்கியா முகம் கழுவி முடிக்கவில்லை. நான் ஈரத் தலையோடு மாடிப்படிக்கு வந்து கதிரேசனுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். எப்போதும் முதல் மணியிலேயே எடுப்பார், அதை வேலை இல்லாத மனுஷனின் வேலை என்று நான் கேலி செய்திருக்கிறேன். "எங்கே இருக்கே? ஒரு மணி ஆகப்போகுது" என்றார். பார்லர் மாடிப்படியில் என்றேன். வெயில் படியின் பாதிவரை ஏறியிருந்தது. "என்னங்க, நான் திருப்பூர்ல இருந்தப்ப..." என்று ஆரம்பித்தேன். அதெல்லாம் எதுக்கு இப்போ என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ என்றேன். "மங்கை" என்றார். குரல் சின்னதாகிவிட்டது, என்னைவிட ஆறு வயது பெரிய மனுஷன். "எங்கேயாவது கிளம்பிட்டியா?" இதை இத்தனை வருஷம் வாயில் வைத்துக்கொண்டா இந்த மனுஷன் எனக்கு எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டார்? எரிச்சலும் அழுகையுமாக வந்தது. "ஐயோ, இல்லைங்க. நாளைக்குப் பொண்ணுக்கு நிச்சயத்த வச்சுக்கிட்டு எங்கே கிளம்ப? வீட்டுக்குத்தான் வர்றேன். வந்து எல்லாத்தையும் சொல்லப் போறேன். அங்க எப்படி இருந்தேன், என்ன பண்ணேன், எல்லாம். உங்களுக்குப் பிடிக்காததும் இருக்கும். நல்லா இருந்தேன்னுதான் சொல்வேன். பேப்பரத் திருப்பக் கூடாது." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது. "சரி, வா" என்றார். "கேக்குறேன்." காது கொடுத்துக் கேட்கிறேன் என்றாரா, எனக்கும் கேட்க நிறைய இருக்கிறது, கேட்கிறேன் என்றாரா, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் சரி என்று போனை வைத்துவிட்டு, "இலக்கியா, எவ்வளவு நேரம்டி" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.